நலமென்று சொல்லாத முரசறைவோன் பொருட்டு

சீர் ஓங்குக! கடலும் மலையும் எல்லையாக அமைந்த வெண்கரை நாட்டின் அரசி ஆழிமாதேவியாரின் ஆணை தாங்கி, தலைமை அமைச்சர் செழுங்குன்றனார், கருங்கோட்டைச் சிறைக் காவலர் பூதங்கண்ணனார்க்கு விடுக்கும் ஓலை. உமது மதில் நிலைக்க. உமது குடி நோயின்றி வாழ்க.

உமது நிலவறையில் கிடக்கும் எயினன், வடபோரில் நம் படைக்கு முரசறைந்தவன். போர் ஓய்ந்தது, அவன் காதுக்குள் ஓசை ஓயவில்லை. உடன் அறைந்தோர் அனைவர்க்கும் அதே துன்பம். மருத்துவத் தலைவர் அறவாழியார் நாடி பார்த்தார்; விளக்கேந்திக் காதுத் துளையும் பார்த்தார்; ஒன்றும் புலப்படவில்லை. ஒருவன் காதில் ஒலிப்பதை மற்றொருவன் கேட்க வழியேது? ஆயினும் அவர் ஒரு தைலம் காய்ச்ச, அரசியார் அதைத் தம் கையாலேயே அவையில் வழங்கினார்.

அரசியார் கையால் மருந்து பெற்றவர் நலமென்று சொல்லி வணங்கியே அவை நீங்குவது நம் நாட்டு முறை. முரசறைவோரும் அவ்வாறே சொன்னார்கள். மரியாதைக்குச் சொன்ன அச்சொல்லை நோய் தீர்ந்ததற்குச் சான்றாகக் கொண்ட மருத்துவர், இனி ஆராய ஏதுமில்லை என்று மருத்துவச் சாலைக் கதவையும் சாத்திவிட்டார். எயினன் ஒருவன் மட்டும், ஓசை சிறிதும் குறையவில்லை என்றும், இரவுபகலாக இரும்பை அறுப்பதுபோல் ஒலிக்கிறதென்றும் உரைத்தான். செங்கோலை இகழ்ந்தான் என்று அவனை உம்மிடம் அனுப்பினர்.

சென்ற திங்களில் முரசறைவோருள் ஒருவனான கீரன் அகழியில் விழுந்து மாண்டான். அவன் மனைவி நம் முன் வந்து, தன் கணவன் நலமென்றது முறைக்காகவே என்றும், அதன்பின் ஒரு நாளும் அவன் கண்ணயரவில்லை என்றும் அழுதுரைத்தாள். நாம் பதறிப்போனோம். காவலரின்றி ஒவ்வொருவர் வீட்டுக்கும் நாமே சென்று கேட்டோம். தைலத்தால் ஒருவனுக்கும் குணமில்லை. மதகில் நீர் விழும் இடத்தில் நின்றால் மட்டும் சற்றே தாங்க முடிகிறது என்றனர் சிலர். உண்மை சொன்ன ஒருவனையன்றோ, வெளியுலக ஓசை எதுவும் எட்டாத ஆழத்து அறையில், அவ்வொலியோடு தனியே பூட்டிவைத்தோம்!

ஆகவே மருத்துவச் சாலை மீண்டும் திறக்கப்படும். இனி மருந்து அவையில் வழங்கப்படாது. பாதிப்பேர்க்குத் தைலமும் மற்றோர்க்கு வெறும் எண்ணெயும் தரப்படும். எது எவர்க்கென்று கொடுப்பவரும் அறியார். குணமில்லை என்பவன் சொல்லும் ஏற்கப்படும். நம் காலத்தில் இந்நோய் தீருமோ, எவரும் அறியோம். அறிந்ததாகச் சொல்லிக்கொள்வது இன்றோடு ஒழிக.

அரசியாரின் அலைமுத்திரை சான்றாக ஆணையிடுகிறோம்: எயினனை விடுவிப்பீர். நிலவறைப் பூட்டுகளைத் திறக்க நேரமாகும். எனவே சாவியை எடுக்குமுன், அவன் கதவருகே ஓர் ஆளை நிறுத்தி, குடம் குடமாக நீர் ஊற்றச் செய்வீர்.