நீல ஸ்டிக்கர் டப்பா

ஜூலை 13, ஞாயிறு

காற்று. திரும்பி வரும் வழியெல்லாம் வேன் கண்ணாடியில் மண். ஏர் ரைஃபிள் மாவட்டப் போட்டி முடிந்தது. மும்தாஜ் டீச்சர் மாநிலத்துக்குத் தேர்வாகவில்லை. ஒரே ஒரு பாயிண்ட் குறைவு. எங்கள் கிளப்பில் மாநிலம்வரை போகக்கூடியவர் அவர் ஒருவர்தான். நான் சுட்டது எழுதுகிற அளவுக்கு இல்லை.

வேனில் டீச்சர் மெதுவாகக் கேட்டார்: "அண்ணாச்சி, இந்த நீல ஸ்டிக்கர் டப்பா பெல்லட்டு கொஞ்சம் அங்கங்க போற மாதிரி இருக்கு. சிவப்பையும் ஒருக்கா பாக்கலாமா?"

சுருக்கென்று கோபம் வந்துவிட்டது எனக்கு. புது பெல்லட் குண்டு வந்தால் டப்பாவுக்கு ஒரு நிற ஸ்டிக்கர் ஒட்டி, ரைஃபிளை மேசைக் கிளாம்பில் இறுக்கி, பேட்ச் பேட்சாகச் சுட்டு, எது ஒரே ஓட்டையில் போகிறதோ அதைத் தேர்ந்து கொடுப்பவன் நான். இந்த ஒரு வேலைக்குத்தான் கிளப்பில் எனக்கு மரியாதை.

"கிளாம்புல வச்சுப் பாத்தது டீச்சர். கிளாம்புக்குக் கை நடுங்காது. உங்க கையப் பாருங்க."

வேனில் இருந்த மற்ற ஐந்து பேரும் சிரித்தார்கள். நானும். டீச்சர் ஊர் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே இருந்தார்.

இட்லி மூன்று. தூக்கம் வருகிறது.

ஜூலை 15, செவ்வாய்

வெயில். பி.பி. மாத்திரை. வண்டிக்கு ஆயில். வியாழன் மாதாந்திர ஷட்டவுன், கரண்ட் ஆபீஸில் ஏரியா பட்டியல் போட வேண்டும்.

டீச்சர் கிளப்புக்கு வரவில்லை. கிளப் நடத்தும் செல்வம் சொன்னான்: "லாக்கர் சாவிய கொடுத்தனுப்பிட்டாவ வே. ரைபிள வித்துத் தரணுமாம். நீரு அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

சிரித்தவன்தானே இவனும்.

நாளை இரண்டு டப்பாவையும் மறுபடி சுட்டு, ஓட்டை விழுந்த இலக்கு அட்டைகளை டீச்சருக்கே அனுப்பிவிடுகிறேன். பார்த்தால் தெரிந்துகொள்வார்.

ஜூலை 16, புதன்

சாயங்காலம் கிளப்பில் டெஸ்ட். நீலம்: சிதறல். சிவப்பு: அதே சிதறல். கிளாம்பை இறுக்கினேன். அப்படியேதான்.

ஆறரைக்குப் பக்கத்துத் தறிக்கூடத்தில் ஃபியூஸ் போனது. பவர்லூம் எல்லாம் நின்றது. சும்மா இருப்பானேன் என்று சுட்டேன். நீலம் ஓரளவு நெருக்கம். சிவப்பு, பத்தும் ஒரே ஓட்டை.

தறி மறுபடி ஓடியதும் மேசையில் கை வைத்துப் பார்த்தேன். அதிர்கிறது. மேசையைத் தறிக்கூடத்தோடு பொதுவான சுவரில் போல்ட் போட்டு இறுக்கியவனும் நான்தான்.

இரண்டு டப்பாவையும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இந்த டைரியையே பின்னால் புரட்டினேன். ஜூன் 17 சாயங்காலம்: "சிவப்பு டெஸ்ட். மோசம்." ஜூன் 19: "ஷட்டவுன். மதியம் கிளப்பில் நீலம் டெஸ்ட். அருமை. தறிச் சத்தம் இல்லை, என்ன நிம்மதி."

சிவப்பைச் சுட்டது தறி ஓடும்போது, நீலத்தை நின்றபோது. நான் கரண்ட் ஆபீஸ்காரன். அன்றைக்குக் கரண்டை நிறுத்தியது இந்தக் கை. எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

இதையும் எழுதிவிடுகிறேன், வேறெங்கும் சொல்ல முடியாது. நீல ஸ்டிக்கரை உரித்துச் சிவப்பு டப்பாவில் ஒட்டினேன். இனி நல்லதே போகட்டும், யாருக்கும் தெரிய வேண்டாம் என்று. கொஞ்ச நேரம் கழித்து உரித்தேன். விரலெல்லாம் பசை. கேவலம்.

"சோறு ஆறுது, அந்த டப்பாவ வச்சிக்கிட்டு என்ன செய்யுதீங்க?" என்றாள் மனைவி. பசி இல்லை என்றேன்.

ஜூலை 17, வியாழன்

ஷட்டவுன். வேலை அதிகம் என்று எழுத நினைத்தேன். பொய். டீக்கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் நம்பரை எடுத்தேன், வைத்தேன். நாலு தடவை.

ஜூலை 18, வெள்ளி

தூறல் மாதிரி வந்து போனது. சாயங்காலம் பஸ்ஸில் கடையநல்லூர், டீச்சர் வீடு. கையில் சிவப்பு டப்பா. டீ கொடுத்தார். வேனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதுவே தாங்கவில்லை.

எல்லாம் சொன்னேன். தறி, சுவர், ஷட்டவுன். ஸ்டிக்கர் மாற்றியதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

டீச்சர் சொன்னார்: "கையப் பாருன்னீங்க. அஞ்சு நாளா கையத்தான் பாத்துக்கிட்டிருக்கேன் அண்ணாச்சி. போர்டுல எழுதும்போதுகூட நடுங்குதான்னு பாக்குதேன்."

தப்புதான் என்றேன்.

"வேன்ல அஞ்சு பேரு முன்னால சொன்னீங்க. இங்கன வந்து எனக்கு மட்டும் சொன்னா எப்படி?"

டப்பாவை வாங்கவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தது.

ஜூலை 19, சனி

பயங்கரக் காற்று. ஐந்து மணிக்கு எல்லோரையும் கிளப்புக்கு வரச் சொல்லியிருந்தேன். ஐந்து பேரும் வந்தார்கள். டீச்சர் கடைசியில் வந்து கதவோரம் நின்றார். பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை.

பக்கத்தில் எல்லாத் தறியும் ஓடுகிறது. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். டீச்சர் கையில் குறை இல்லை, பெல்லட்டை நான் தப்பாக எடுத்துக் கொடுத்தேன், ஸ்டிக்கரை மாற்றி ஒட்டவும் பார்த்தேன்.

செல்வம் காதுக்குப் பின்னால் கை வைத்தான். "என்னவே சொல்லுதீரு? ஒண்ணும் கேக்கல."

நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தேன். கதவு என் பக்கத்தில்தான், அவருக்குக் கேட்டிருக்கும். காத்திருந்தார்.

முதலிலிருந்து மறுபடி சொன்னேன். கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.