ஹேண்டிலுக்குக் கீழே மூன்று வளையம்

திண்டிவனத்தில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

நான் கிளம்பி வந்து ஆறு மாதம் கழித்துச் செய்தி அனுப்பினீர்கள். அதிலும் விசாரித்தது சைக்கிளைத்தான். கண்காட்சிக்கு வேண்டுமாம்.

என் கால், கை, தோள் எல்லாம் அளந்து எனக்கென்றே நீங்கள் செய்த சைக்கிள். மேல் கம்பி தரைக்கு மட்டமாக ஓடும். சீட்டும் ஹேண்டிலில் சுற்றிய நாடாவும் ஒரே பழுப்பு. டயரில் எழுத்து இருக்கும் இடத்துக்கு நேராகத்தான் காற்றடிக்கும் வால்வு வர வேண்டும் என்று இரண்டு முறை கழற்றி மாட்டினீர்கள். அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை.

முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு என்னால் குனிய முடியவில்லை. ஹேண்டிலுக்குக் கீழே மூன்று வளையம் போட்டு உயர்த்தித் தாருங்கள் என்றேன்.

"வளையம் போட்டா கொக்குக் கழுத்து மாதிரி நீட்டிக்கினு நிக்கும். பார்க்கறவன் சிரிப்பான்."

மறுநாளே, இனி யாரும் வளையம் போட முடியாதபடி, ஹேண்டிலைத் தாங்கும் ஃபோர்க் குழாயின் மேல்முனையை அறுத்துவிட்டீர்கள். மாலையில் என்னைச் சைக்கிளோடு நிற்க வைத்துப் போட்டோ எடுத்தீர்கள். "முதுகு வளையுது பாரு, நேரா நில்லு" என்றீர்கள்.

நின்றேன்.

கண்காட்சிக்கு இனி அது ஆகாது. இங்கே விழுப்புரத்தில் பஞ்சர் ஒட்டும் அண்ணன் ஒருவர் அறுபட்ட குழாயோடு முன் ஃபோர்க்கையே மாற்றி, ஹேண்டிலை என் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிக் கொடுத்தார். பச்சை பிளாஸ்டிக் கூடையும் ஸ்டாண்டும் மாட்டியிருக்கிறேன். உங்களால் பார்க்கச் சகிக்காது.

நேற்று அதில் வளவனூர் வரை போய் வந்தேன். யாரும் சிரிக்கவில்லை. முதுகும் வலிக்கவில்லை.

இப்படிக்கு,
நீங்கள் அளவெடுத்தவள்