டிரம் நம்பர் ஜீரோ

22-4-2002, திங்கள்

காலையில் பதினாறு கடிதம் டைப் அடித்தேன். அதில் ஒன்பது, தோல் ஏன் தாமதம் என்று ஹாம்பர்க்குக்கு விளக்கம். மதியம் கரண்ட் இல்லை. நாலு மணிக்குச் சின்ன முதலாளி ஆபித் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் பத்திரிகை படித்தால் எனக்கு வேலை வரும்.

"மோகனா மேடம், நம்ம டிரம் புரோகிராம் எதுல எழுதினது?"

"விஷுவல் பேசிக் ஆறு சார்."

"அது பழசாமே. பிப்ரவரியிலயே புதுசு வந்துடுச்சு, டாட் நெட்டுன்னு. நாம மட்டும் பழசுலயே கெடக்கறோம்."

சுழலும் டிரம்மில் தோலை ஊறப்போட்டு எடுப்பதற்கு அந்த ஆறு போதாதா என்று கேட்க வாய் வரை வந்தது. 

24-4, புதன்

கோபத்தில் எதையும் விட்டுவிடாமல் ஒரு தடவை எழுதி வைத்துக்கொள்கிறேன். 96-இல் தோல் பதனிடும் இந்த டேனரிக்கு டைப்பிஸ்டாக வந்தேன். சனிக்கிழமைதோறும் வேலூர் போய் விஷுவல் பேசிக் படித்தேன். 99-இல், எந்த லாட் தோல் எந்த டிரம்மில் எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்று சொல்லும் புரோகிராமை நான் ஒருத்தியே எழுதினேன். எட்டு டிரம்மும் அதைக் கேட்டுத்தான் ஓடுகின்றன. ஆனால் என் வேலை ஆர்டரில் இன்னும் டைப்பிஸ்ட். 'புரோகிராமர்' என்று மாற்றச் சொல்லி மேனேஜர் ரெனால்ட் சாரிடம் மூன்று தடவை மனு கொடுத்தேன். "அப்படி ஒரு போஸ்ட் இல்லையேம்மா" என்று மூன்று தடவையும் ஒரே பதில். மூன்றாவது மனு நல்ல நீட்டாக டைப் ஆகியிருக்கிறது என்று பாராட்டு வேறு.

இன்று ஆபித் சார் சொல்லிவிட்டார். ஜூலை ஒன்பதாம் தேதி நம் தோலை வாங்கும் ஜெர்மன் கம்பெனியிலிருந்து ஆடிட்டர் வருகிறார். அதற்குள் புரோகிராம் புதுப் பதிப்பில் ஓடினால் புரோகிராமர் ஆர்டர். ஓடாவிட்டால் சென்னைக் கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார், நான் கடிதம் மட்டும் அடிக்க வேண்டியதுதான்.

"எவ்ளோ நாள் ஆகும் மேடம்?"

"ரெண்டு வாரம் சார்."

யார் என்னைச் சொல்லச் சொன்னது?

29-4, திங்கள்

சிடி வந்தது. என் கம்ப்யூட்டரில் அது ஏறாது, மெமரி கம்மி. ரெனால்ட் சாருடையதை வாங்கிக்கொண்டேன். அவர் அதில் சீட்டு ஆடுவது வழக்கம். "தற்காலிகமாத்தானேம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார்.

பழைய புரோகிராமைப் புதுசாக மாற்றித் தர அதிலேயே ஒரு 'விஸார்டு' இருக்கிறது. பட்டனை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போனேன். வந்து பார்த்தால் மாற்றி முடித்திருந்தது. இதற்கா இரண்டு வாரம் கேட்டோம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஓடவிட்டேன். 102 பிழை.

30-4, செவ்வாய்

இருபது பிழை திருத்தினேன். ஓடவிட்டேன். 102.

2-5, வியாழன்

முப்பத்தைந்து திருத்தினேன். 102.

3-5, வெள்ளி

102. சாப்பிடப் பிடிக்கவில்லை. சாப்பிட்டேன்.

6-5, திங்கள்

புத்தகத்தில் கண்டுபிடித்தேன். 102-க்கு மேல் அது காட்டவே காட்டாதாம்! 101 பிழையைச் சொல்லி, 102-ஆவதாக 'பிழைகள் அளவு மீறிவிட்டன' என்று ஒரு வரி போட்டு நிறுத்திக்கொள்ளுமாம். பின்னால் இன்னும் எத்தனை நிற்கின்றன என்று மூச்சு விடாது.

வீட்டுக்காரரிடம் சொல்லி அழாத குறை. வசந்த், வேலூர்–ஆம்பூர் பஸ்ஸில் கண்டக்டர். "இதுக்கா பேஜார் படற? எங்க பஸ்லயும் அம்பத்தஞ்சு பேருன்னுதான் எழுதியிருக்கு. உள்ள எவ்ளோ பேர் நிக்கறான்னு எவன் கண்டான்?" என்றார். ஆறுதல் சொல்கிறாராம்.

9-5, வியாழன்

இதற்குப் பெயர்தான் புதுப் பதிப்பா? யாரோ ஊருக்குப் போயிருந்தபோது வீட்டுச் சாமானை எல்லாம் இடம் மாற்றி வைத்தது போல இருக்கிறது. எதற்கும் அடங்கும் 'வேரியன்ட்' என்று ஒன்று இருந்தது, நம்பர் போட்டாலும் பெயர் போட்டாலும் வாங்கிக்கொள்ளும். எடுத்துவிட்டார்கள். நான் அடைப்புக்குறி போடாமல் எழுதினால் அதுவே போட்டுக்கொள்கிறது. அழித்தால் திரும்பப் போடுகிறது. எனக்கே டைப் அடிக்கச் சொல்லித் தருகிறது!

டிரம்முக்கு ஒன்றாக ஸ்க்ரீனில் எட்டு பட்டன் வைத்திருந்தேன். எட்டும் ஒரே குடும்பம், எதை அமுக்கினாலும் ஒரே இடத்தில் பதில் சொல்லும். புதுசில் கூட்டுக் குடும்பம் கிடையாதாம். எட்டுக்கும் தனித்தனியாகக் குடித்தனம் வைத்துக் கொடுத்தேன். ஒரு முழு நாள் போயிற்று.

14-5, செவ்வாய்

விஸார்டு என் புரோகிராமுக்குள் போன வழியெல்லாம் பச்சை எழுத்தில் எச்சரிக்கை எழுதிவிட்டுப் போயிருக்கிறது. 'இது வேறு மாதிரி நடக்கலாம்.' 'இதைச் சரிபார்க்கவும்.' மொத்தம் 640. மூன்று வருஷம் ஒரு நாள்கூட லீவு போடாமல் ஓடிய புரோகிராம் அது. நேற்று வந்த ஒன்று அதைப் பார்த்து இவ்வளவு பேசுமா? நாற்பதைப் படித்தேன், எல்லாம் உப்புப் பெறாத விஷயம். மீதியை மொத்தமாக அழித்துவிட்டேன். இப்போதுதான் ஸ்க்ரீனைப் பார்க்க நிம்மதியாக இருக்கிறது.

7-6, வெள்ளி

இரண்டு வாரம் என்று சொல்லி ஆறு வாரம் ஆகிறது. ஆபித் சார் எட்டிப் பார்க்கிறார், ஒன்றும் கேட்காமல் போகிறார். அது கேட்பதைவிட மோசம். சென்னைக் கம்பெனிக்காரன் இரண்டு தடவை போன் பண்ணினான். போனை எடுத்து இணைப்புக் கொடுத்ததே நான்தான்.

24-6, திங்கள்

பிழை இல்லை. ஓடுகிறது! ஓடுகிறது! போகும் வழியில் அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கினேன். "இன்னா விசேஷம்?" என்றார் வசந்த். சொன்னேன். "அதான் முன்னாடியே ஓடிட்டு இருந்துச்சே?" என்றார். இந்த மனுஷனிடம் இனி ஒன்றும் சொல்வதில்லை.

1-7, திங்கள்

டிரம் ஷெட் கம்ப்யூட்டரில் புதுசை ஏற்றியாயிற்று. அங்கே எல்லாம் சர்தார் பாஷா பொறுப்பு. டிரம் மேஸ்திரி, எல்லாருக்கும் சர்தார் பாய். புது லாட் வந்தால் எந்த டிரம் காலி என்று புரோகிராமே தேடிச் சீட்டு அடித்துத் தரும். பாய் சீட்டைப் பார்த்து ஏற்றுவார். தினமும் எல்லா டிரம்மின் பட்டியலும் ரெனால்ட் சார் மேஜைக்குப் போகும். அவர் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைப்பார். படித்து யாரும் பார்த்ததில்லை.

முதல் லாட் 417, அறுநூறு தோல். சீட்டு வந்தது. பாய் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார், மடித்துப் பையில் வைத்தார். நான் நிற்கவில்லை, மூக்கு தாங்காது.

5-7, வெள்ளி

கேட்டில் சர்தார் பாயைப் பார்த்தேன். "நீங்க போட்ட மாதிரியே பெயிண்ட் அடிச்சிட்டேம்மா" என்றார். ஆடிட்டர் வருவதற்கு வெள்ளையடிக்கிறார்கள் போல. தலையை ஆட்டி வைத்தேன்.

9-7, செவ்வாய்

 நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

ஆடிட்டர் ஆறடிக்கு மேல் உயரம். ரெனால்ட் சார் போட்ட திட்டம், முதலில் பிரியாணி, அப்புறம் ஷெட். தூக்கம் வந்தால் கேள்வி குறையும் என்று கணக்கு. மனுஷன் இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டு இன்னும் சுறுசுறுப்பானார். ஷெட்டுக்கு வந்ததும் தினப்பட்டியல் கோப்பைக் கேட்டு வாங்கித் திறந்தார். படித்தார். அந்தப் பட்டியலைப் படித்த முதல் ஆள் அவர்தான். விரலை ஒரு வரியில் வைத்து, டிரம் ஜீரோவைக் காட்டுங்கள் என்றார்.

டிரம் ஜீரோவா? எங்களிடம் ஒன்றிலிருந்து எட்டுதானே இருக்கு? ரெனால்ட் சார் ஆபித் சாரைப் பார்த்தார். ஆபித் சார் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"வாங்க சார், காட்றேன்" என்றார், 'ஜீரோ' மட்டும் புரிந்த சர்தார் பாய்.

ஷெட்டின் கடைசியில் சாம்பிள் டிரம் இருக்கிறது. சோதனைக்கு நாலு தோல் போட்டுப் பார்க்கிற சின்ன டிரம், அதற்கு எப்போதும் நம்பர் கிடையாது. அதன் வயிற்றில் வெள்ளைப் பெயிண்டில் பெரிதாக 0. எனக்கு உயிர் வந்தது, ஒரு நிமிஷத்துக்கு. ஆடிட்டர் குனிந்து உள்ளே பார்த்தார். பட்டியலைப் பார்த்தார். இருபது தோல் பிடிக்கிற டிரம்மில் அறுநூறு தோல், அதுவும் எட்டு நாளாகவா என்று கேட்டார். எட்டு நாள் ஊறினால் தோல் இருக்காது, கஞ்சிதான் இருக்கும்.

அப்போதுதான் புரிந்தது. பழைய பதிப்பில் 'ஒன்றிலிருந்து எட்டு வரை' என்று நான் சொன்னால் கேட்கும். புதுசில் எந்தப் பட்டியலும் ஜீரோவிலிருந்துதான் ஆரம்பிக்கும், வேறு வழியே கிடையாது. அதனால் என் எட்டு டிரம்முக்கு முன்னால் கேட்காமலே ஒரு டிரம்மைச் சேர்த்திருக்கிறது. முதல் காலி டிரம் எது என்று புரோகிராம் தேடினால், இல்லாத டிரம்தானே முதலில் காலியாக இருக்கும்! லாட் 417-ஐ அதில் ஏற்றிவிட்டது. இறக்கியதாகச் சொல்ல ஸ்க்ரீனில் அதற்குப் பட்டன் இல்லை. நான் வைத்தது எட்டுதான். நான் அழித்த பச்சை எழுத்தில் இதற்கும் ஒரு எச்சரிக்கை இருந்திருக்கும். இருந்திருக்கும் என்ன, இருந்தது.

ரெனால்ட் சார் அவசரமாக, "அது வேற பெரிய டிரம் சார், ரிப்பேருக்குப் போயிருக்கு. மேஸ்திரிதான் சீட்டைத் தப்பா படிச்சிட்டார்" என்று ஆங்கிலத்தில் அளந்தார். சர்தார் பாய்க்கு ஆங்கிலம் புரியாது. அவர் என் பக்கம் கை காட்டி, "மோகனாம்மா போட்ட சீட்டு சார், தப்பா இருக்காது" என்றார். பிறகு என்னிடம் மெதுவாக, "இருபதுதான் கொண்டுச்சும்மா. மிச்சத்த அஞ்சுல போட்டு மறுநாளே எல்லாத்தையும் எறக்கிட்டேன். சொன்னா சங்கடப்படுவீங்கன்னு சொல்லல" என்றார்.

என்னால் தாங்க முடியவில்லை. நான் ஒழுங்காகப் படிக்காமல் விட்டதற்கு இந்த மனுஷர் பெயிண்ட் அடித்து, இருபது தோலை எண்ணிப் போட்டு, என் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார். அவர் தலையில் பழியைப் போட்டுவிட்டு நான் புரோகிராமர் ஆகணுமா?

"தப்பு என்னுது சார். மேஸ்திரி மேல ஒண்ணும் இல்ல" என்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அழித்த 600 எச்சரிக்கையையும் சேர்த்துத்தான். ஆடிட்டர் கண் முன்னாலேயே உட்கார்ந்து, ஒன்றிலிருந்து தேடும்படி திருத்தினேன். பத்து நிமிஷம். தோல் ஐந்தாம் டிரம்மிலிருந்து இறங்கியதைக் கையால் எழுதி வைத்திருந்த சீட்டைப் பாய் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

ஆடிட்டர் நீலப் படிவம் ஒன்றை நிரப்பினார். தவறு, எழுதினார். காரணம், எழுதினார். பொறுப்பானவர், என் பெயரைக் கேட்டு எழுதினார். பதவி?

"டைப்பிஸ்ட்" என்றார் ரெனால்ட் சார்.

ஆடிட்டர் பேனாவை மூடினார். உங்கள் தோல் முழுவதையும் கணக்கு வைக்கிற மென்பொருளை ஒரு டைப்பிஸ்டா பார்த்துக்கொள்கிறார்? அப்படியென்றால் அது ஜீரோ டிரம்மைவிடப் பெரிய தவறு, அதற்குத் தனிப் படிவம் என்றார். பொறுப்பான புரோகிராமர் யார் என்று ஒரு வாரத்தில் கடிதம் வர வேண்டுமாம். வராவிட்டால் அவர்கள் தோல் வாங்கும் ஆர்டர் நிற்கும்.

சென்னைக் கம்பெனிக்கு நல்ல நேரம்.

10-7, புதன்

 ஆபித் சார் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சென்னையோடு அரைமணி நேரம் பேச்சு. வசந்த்திடம் சொன்னேன். சிரிக்கவில்லை. "நீ சொன்னது சரிதான். போனா போவுது" என்றார். அதற்குத்தான் அழுகை வந்தது.

11-7, வியாழன்

ஜீரோவை அழித்துவிடச் சொல்லி சர்தார் பாயிடம் போனேன். "இருக்கட்டும்மா. இருபது வருஷமா நம்பர் இல்லாம கெடந்துச்சு பாவம்" என்றார்.

சென்னைக் கம்பெனிக்காரனால் திங்கட்கிழமை ஆள் அனுப்ப முடியாதாம், அடுத்த மாதம்தானாம். அவனிடம் டாட் நெட் தெரிந்தவனே ஒருத்தன்தானாம், அவனும் பெங்களூரு போய்ட்டானாம். ஆபித் சாரே வந்து சொன்னார்.  "தப்ப ஒத்துக்கிட்டீங்களே மேடம், அது அந்தாளுக்குப் பிடிச்சிருக்கு" என்றார். 

15-7, திங்கள்

காலையில் ரெனால்ட் சார் கூப்பிட்டார். "ஒரு லெட்டர் எடுத்துக்கோம்மா." எடுத்துக்கொண்டேன். திருமதி வ. மோகனா அவர்கள் இன்று முதல் என்று ஆரம்பித்தார். அடுத்த வார்த்தைக்கு நான் பென்சிலைத் தூக்கிவிட்டேன். "இன்னாம்மா, வேகமா போறனா?" என்றார். இல்லை சார் என்றேன்.

கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறவள், 'புரோகிராமர்' என்ற அந்த ஒரு வார்த்தையில் மூன்று தடவை தப்பு விட்டேன். மூன்று தாள் கிழித்தேன். நான்காவதில் ஆபித் சார் கையெழுத்துப் போட்டார். ஜெர்மனிக்கு ஃபாக்ஸ் அனுப்பினேன்.

மாலையில் மறுபடியும் கூப்பிட்டார். இன்னொரு தாள். டைப்பிஸ்ட் தேவை, நிமிடத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை.

"இத யார் சார் அடிக்கறது?" என்று கேட்டேன்.

ரெனால்ட் சார் சுற்றும் முற்றும் பார்த்தார். அறையில் வேறு யாரும் இல்லை. "இது ஒண்ணு மட்டும்மா" என்றார்.

உட்கார்ந்து அடித்தேன். நாற்பத்தைந்தை அறுபது என்று மாற்றிக் கொடுத்தேன்.