நான் வெட்டிய சில நொடிகள்

உங்கள் பழைய கம்ப்யூட்டரின் பவர் சப்ளை சுவிட்சைப் போட்டதும் சூடான தூசி வாசனை எழுந்தது, பாய். மலையடிவாரத்துக் காரவள்ளியில் இருந்த உங்கள் வீடியோ கடைக்குள் நுழைந்தால் வருமே, அதே வாசனை. மழைக்காகக் கதவைச் சாத்தி வைத்திருந்தேன். வீடு முழுக்க நீங்கள்தான்.

நீங்கள் இறந்து போன பிறகு உங்கள் வீட்டு அக்கா கடையைக் காலி செய்தார். உங்கள் கம்ப்யூட்டரையும் ஹார்டு டிஸ்க்குகளையும் ஒரு சாக்கில் கட்டி என்னிடம் கொடுத்தார். "பிரிச்சு எதுக்காச்சும் ஆகும்னா வெச்சுக்குங்க தம்பி. ஆனா ஒன்னு. அவரு நடந்து வர்ற மாதிரி, பேசற மாதிரி எங்கியாச்சும் இருந்தா எடுத்து வெய்யுங்க. பாப்பா அவங்க அத்தாவக் கேட்டுக்கிட்டே இருக்குது" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. இந்த மலையில் பாதிப் பேரின் கல்யாணத்தைப் படம் பிடித்த ஆள் நீங்கள். உங்களுக்கென்று இருப்பதோ விறைப்பாக நிற்கும் நாலைந்து போட்டோக்கள். யாராவது போனைத் தூக்கினால் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு, "படம் எடுக்கறவன் படத்துல வரக் கூடாதுங்க" என்பீர்கள்.

மலைமேல் எங்கள் திண்ணனூர் நாட்டு ஊர்களில் மழை பிடித்தால் சிக்னல் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியாததா? பிள்ளைகள் படம் பார்க்க உட்கார்ந்தால் திரையில் வட்டம்தான் சுற்றும். அதனால்தான் உங்கள் சாமான்களை வைத்தே ஒரு மீடியா சர்வர் கட்ட இறங்கினேன். படம், பாட்டு, கல்யாண வீடியோ எல்லாம் ஒரே பெட்டியில் இருக்கும். இன்டர்நெட் இல்லாமலே வீட்டு வைஃபையில் டிவியிலும் போனிலும் பார்க்கலாம். ரேமின் செம்புப் பற்களை ரப்பரால் தேய்த்தேன். பிராசசர் மேல் காய்ந்து மண்ணாகியிருந்த பசையைச் சுரண்டிவிட்டுப் புதிது தடவினேன். அப்படியும் திரையில் ஒன்றும் வரவில்லை. மதர்போர்டு போய்விட்டது என்று மனைவியிடம் அறிவித்தும் விட்டேன். "தூசியத் தட்டாம பார்ட்டக் குத்தம் சொல்லாதீங்க" என்று கடையில் உங்களோடு உட்கார்ந்து ரிப்பேர் பார்க்கும்போது என்னை எத்தனை தடவை திட்டியிருப்பீர்கள்! ரேம் செருகும் பள்ளத்தை பிரஷ்ஷால் துடைத்துவிட்டுப் போட்டேன், உயிர் வந்துவிட்டது. ஏதோ விமானமே ஓட்டியவன் மாதிரி அன்று முழுக்க வீட்டில் என் அலட்டல் தாங்கவில்லை.

டிஸ்க்குகளைத் திறந்தால் ஊர் ஊராகப் பிரித்து வைத்திருந்தீர்கள். எல்லாமே வெட்டாத பதிவுகள். குண்டனி நாட்டுக் கல்யாணம், கோயில் பொங்கல், காதுகுத்து என்று ஒவ்வொன்றாக ஓடவிட்டேன். எதிலும் நீங்கள் இல்லை. "கண்ணு, இங்க பாருங்க" என்ற குரல் மட்டும் எல்லாவற்றிலும் இருந்தது.

கடைசியில் என் கல்யாணத்தில் அகப்பட்டீர்கள்.

பங்காளிகள் எல்லோரும் வரிசையாக நின்று எடுக்கும் படம். அதில் வேறு ஆட்கள் நிற்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். கேமராவை ஸ்டாண்டில் ஓடவிட்டுவிட்டு நீங்கள் வருகிறீர்கள். முதுகு தெரிகிறது. என் மாலையைச் சரி செய்கிறீர்கள். பிறகு போகாமல், என் பக்கத்தில் சில நொடிகள் தயங்கி நிற்கிறீர்கள். அப்போது என் குரல் கேட்கிறது: "பாய், தள்ளுங்க. இது எங்க சொந்தக்காரங்க படம்."

இப்படிச் சொன்னது எனக்கு நினைவிலேயே இல்லை. நீங்கள் கொடுத்த கல்யாண சிடியில் இந்த இடமே கிடையாது. என் மானத்தைக் காப்பாற்ற அன்றைக்கே வெட்டியிருக்கிறீர்கள். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மழையில் ஒற்றையடிப் பாதை ஏறி வந்த மனிதரை, நாயை விரட்டுவது போல விரட்டியிருக்கிறேன். வெட்கத்தில் காது சுட்டது.

அதற்கப்புறம் செய்ததுதான் இன்னும் கேவலம். நானும் வெட்டினேன், பாய். நீங்கள் வெட்டியது எனக்காக. நான் வெட்டியதும் எனக்காகத்தான். நீங்கள் வந்து மாலையைத் தொடுவது வரைக்கும் வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டேன்.

அக்காவும் பாப்பாவும் பஸ் ஏறி வந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் டிவியில் போட்டேன். முதுகும் கைகளும் வந்து மறைந்தன. பாப்பா திரையைத் தொடாத குறையாக முன்னால் போய் உட்கார்ந்தாள். "அத்தா திரும்பவே மாட்டாங்களா மாமா?" என்று கேட்டாள். "அவ்வளவுதாம்மா கெடச்சுது" என்று கூசாமல் சொன்னேன்.

அக்கா என்னைப் பார்த்தார். "இது உங்க கல்யாணந்தானுங்களே தம்பி? தள்ளுங்கன்னு சொன்னது இங்கதான? அன்னிக்கு ஊட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. மாப்பிள்ளை பயத்துல நடுங்கறாரு, பக்கத்துல நின்னா தைரியமா இருக்கும்னு நின்னேன், தொரத்தி உட்டுட்டாருன்னு."

பக்கத்தில் நின்றது எனக்காகத்தானா, பாய்? இத்தனை வருடம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே.

அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் எழுந்து போய் முழுப் பதிவைத் திறந்தேன். என் அதட்டல் வீடு முழுக்கக் கேட்டது. மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். திரையில் நீங்கள் சட்டென்று கேமரா பக்கம் திரும்பினீர்கள். முழு முகம், வாய் நிறையச் சிரிப்பு. "சரிங்க மாப்பிள்ளை, நீங்க நல்லா நிமுந்து நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டே கேமராவைப் பார்த்து நடந்து வந்தீர்கள். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் மானத்தைக் காப்பாற்ற நான் தூக்கிப் போட்டது இந்த முகத்தைத்தான்.

பாப்பா திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். கிளம்பும்போது பென் டிரைவில் ஏற்றித் தரக் கேட்டாள். "நான் பேசற எடத்துல சத்தத்த மட்டும் எடுத்துரட்டுமா கண்ணு?" என்றேன்.

"வேண்டாங்க மாமா" என்றாள். "நீங்க அப்படிச் சொன்னாத்தான அத்தா திரும்பறாங்க."

அப்படியே கொடுத்தனுப்பினேன். இனி உங்கள் வீட்டில் நீங்கள் திரும்பிச் சிரிக்கும் ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் என் குரல் கேட்கும், பாய்.