மதிலுக்கு அந்தப் பக்கம் விழுந்த காய்கள்

அன்புள்ள அக்கா,

இன்று காலை எங்கள் குடியிருப்பின் மொட்டைமாடியிலிருந்து கடலைப் பிண்ணாக்கு ஊறிப் புளித்த வாடை வந்தது. மேல்மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பதி தொட்டிகளில் காய்கறி போட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முணுமுணுத்தார்கள். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் எங்களிடம் வந்தது எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு ஜூன் மாதம். கிழக்குத் தாம்பரத்தில் அப்போதுதான் வீடுகள் எழும்பிக்கொண்டிருந்தன. எங்கள் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் வெறும் புதர்மனை. காசநோய் ஆஸ்பத்திரியில் ஒன்றரை வருடம் இருந்துவிட்டு, ஒரு தகரப்பெட்டியும், குணமாகிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டுமாக வந்து நின்றீர்கள். நீங்கள் வேலை பார்த்த பள்ளிக்கூடம் அந்தச் சீட்டை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. உங்கள் தம்பி, என் கணவர், "இது உன் வீடுக்கா" என்றார். பின்கட்டு அறையைக் கொடுத்தோம். உங்களுக்கென்று தனித்தட்டும் தனி டம்ளரும் எடுத்து வைத்தவள் நான். என் மகளுக்கு அப்போது ஏழு மாதம்.

நீங்கள் வந்த மூன்றாம் நாளே மண்வெட்டி கேட்டீர்கள். ஆஸ்பத்திரியில் உடம்பு தேறி வந்தவர்களுக்குச் சின்னச் சின்ன வேலை கொடுப்பார்களாம். உங்களுக்குக் கிடைத்தது காய்கறிப் பாத்தி. "மழை வந்தா இங்க தண்ணி நிக்கும் எஸ்தர். மேட்டுப் பாத்தியா போட்டாத்தான் வேர் அழுகாது" என்று சொல்லிக்கொண்டே கொத்தினீர்கள். பத்து கொத்துக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவீர்கள். குளியலறைத் தண்ணீர் வாய்க்கால் வழியே கீரைக்குப் போனது. அடுக்களைக் கழிவும் வேப்பஞ்சருகும் குழியில் மக்கின. அடுப்புச் சாம்பலைப் பூச்சிக்குத் தூவினீர்கள். புழுக்களைக் கையாலேயே பொறுக்கினீர்கள். உரத்துக்குக் கடலைப் பிண்ணாக்கு ஊறவைத்த பானை என் சமையலறை ஜன்னலுக்குக் கீழேதான் இருந்தது. அந்த நாற்றத்துக்காக ஒருமுறை முகம் சுளித்தேன். மறுநாளே பானையை மதிலோரமாக நகர்த்திவிட்டீர்கள்.

செப்டம்பரில் முதல் முறத்தைச் சமையலறை வாசலில் வைத்தீர்கள். கோடு போட்ட கத்திரிக்காய், வெண்டை, தக்காளி, அரைப் பரங்கிக்காய். உள்ளே வரமாட்டீர்கள். வாசலில் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நிற்பீர்கள்.

பால் ஊற்ற வரும் கன்னியம்மா அதைப் பார்த்தாள். நீங்கள் பின்கட்டுக்குப் போனதும் குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னாம்மா, அந்தம்மா கைப்பட்டதையா ஆக்கப்போற? மாரு சீக்கும்மா அது. கைக்கொயந்தைய வூட்ல வச்சிகினு…"

அவள்மேல் பழிபோட்டுத் தப்பித்துக்கொள்ள நான் நினைக்கவில்லை அக்கா. அவள் சொல்வதற்கு முன்பே அந்தப் பயம் எனக்குள் இருந்தது. அவள் அதற்கு வாய் கொடுத்தாள், அவ்வளவுதான். காயால் அந்த நோய் வராது என்று இன்று எனக்குத் தெரியும். அன்றே யாரையாவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

முறத்தை எடுத்துக்கொண்டு போய், மதிலுக்கு அந்தப் பக்கம் கொட்டினேன். பிறகு குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு நடந்து, அதே கத்திரிக்காயை, அதே வெண்டையைத் தேடி வாங்கி வந்து சமைத்தேன்.

அன்று உங்கள் தம்பி சாப்பிடும்போது பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அக்கா, கத்திரிக்காய் வெண்ணெய் மாதிரி இருக்கு!"

"நிஜமாவா தம்பி? முத்திப்போச்சோன்னு நெனச்சேன்."

உங்கள் முகத்தில் அப்படியொரு சிரிப்பை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் கதவடைத்தபின் உங்களுக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. மார்க்கெட் கத்திரிக்காய்க்குக் கிடைத்த பாராட்டு. நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். இரண்டு மாதத்துக்கும் மேல் இப்படியே போயிற்று. நீங்கள் முறம் வைப்பீர்கள், நான் கொட்டுவேன். உங்கள் தட்டிலும் மார்க்கெட் காயைத்தான் போட்டேன். உங்களுக்கு ருசி வித்தியாசம் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர். உங்கள் பாத்திகள் மட்டும் தீவு தீவாக நின்றன. ஒரு செடி சாயவில்லை. நவம்பர் கடைசியில் மழை ஒருநாள் ஓய்ந்தபோது, குழிக்குச் சருகு அள்ளிவர நீங்கள் மதிலைச் சுற்றி அந்த மனைக்குப் போனீர்கள். நான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் எந்தப் பக்கம் போகிறீர்கள் என்று தெரிந்ததும் கையில் இருந்த துணி கீழே விழுந்தது.

வெகுநேரம் கழித்துத்தான் வந்தீர்கள். கூடை காலியாக இருந்தது. புடவை முழங்கால்வரை சேறு. சமையலறை வாசலுக்கு வந்து, வழக்கமாக நிற்கும் இடத்தில் நின்றீர்கள்.

"எஸ்தர், அந்தப் பக்கம் பரங்கி நல்லா படர்ந்து பிஞ்சு விட்டிருக்கு. தக்காளியும் பூத்திருக்கு."

நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அதைப் பறிச்சுக் குழந்தைக்கு ஆக்கிக் கொடு. அது தானா மொளச்சது. அதுல என் கை படல."

குரலில் கோபம் இல்லை. குத்திக்காட்டவும் இல்லை. நிஜமாகவே ஒரு வழி சொல்கிறவர் போலச் சொன்னீர்கள். கோபித்திருந்தால் நான் அழுதிருப்பேன், காலில் விழுந்திருப்பேன். நீங்கள் திரும்பி உங்கள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள்.

அடுத்த வாரம் ஒரு காலை, உங்கள் பாத்தியில் நானே இறங்கி அவரைக்காய் பறித்தேன். வேகவைத்து மசித்து, உங்கள் அறைக்கு எதிரே உட்கார்ந்து, குழந்தையின் வாயருகே கொண்டுபோனேன். உதட்டில் படுவதற்குள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். நீங்கள் பார்த்துவிட்டீர்கள்.

"வேணாம் எஸ்தர்" என்றீர்கள். "எனக்காக ஊட்டாத. பயந்துகிட்டே ஒரு தாய் புள்ளைக்கு ஊட்டக்கூடாது."

கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தேன். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும், ஆஸ்பத்திரியிலேயே உதவியாள் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னீர்கள். "ஏன்க்கா, இங்க என்ன குறை?" என்று உங்கள் தம்பி பதறினார். "ஒரு குறையும் இல்லடா. சும்மா உட்கார்ந்திருக்க முடியல" என்றீர்கள். என்னைப் பார்க்கவே இல்லை. நான் செய்ததை அவரிடம் நீங்கள் கடைசிவரை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எங்க அக்கா கத்திரிக்காய் மாதிரி வராது என்று பேரப்பிள்ளைகளிடம்வரை சொல்லிச் சொல்லியே அவர் போய்ச் சேர்ந்தார். அதை அவர் ஒருநாளும் சாப்பிட்டதில்லை.

அடுத்த மழைக்காலத்தில் உங்களுக்கு நோய் திரும்பி, மறுபடியும் படுக்கையில் சேர்த்தார்கள். தகவல் வந்ததும், குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, நான் மட்டும் வந்தேன். வார்டு வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தீர்கள். கழுத்தெலும்பு தனியாகத் தெரிந்தது.

"பாத்தியில தண்ணி நிக்குதா?" என்று கேட்டீர்கள்.

"இல்லக்கா, நல்லா இருக்கு" என்றேன். பாத்திகள் கரைந்து, கோரை மண்டி மாதக்கணக்காகியிருந்தது.

மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். வாசகத்தைக்கூட வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். அப்போது உங்களுக்கு இருமல் வந்தது. நீங்கள் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டு, தூணை விட்டு, சுவரைத் தடவியபடி நாலைந்தடி பின்னால் போனீர்கள். நிற்கவே தெம்பில்லாத அந்த உடம்போடு, எனக்காக.

நான் இருந்த இடத்தைவிட்டு ஓரடி முன்னால் வரவில்லை அக்கா. மூன்றாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள். இந்த எழுபத்தெட்டு வயதில், உறவுக்காரர்கள் பெயர்களே மறந்து போகின்றன. நமக்கு நடுவே இருந்த அந்த ஈரமான சிமெண்டுத் தரை மட்டும் அப்படியே கண்ணில் நிற்கிறது.

எஸ்தர்