அப்பாவின் முதுகுவலி

செவ்வாய், இரவு

அப்பா கஞ்சா பிடிக்கிறார். அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டி ஓட்டி வந்த முதுகுவலிக்காக. பிடித்தால் வலி குறைந்து தூங்குகிறார், அது பொய்யில்லை. ஆனால் இருமல் விடுவதில்லை. இன்று சாயங்காலம் பிடித்த கையோடு லாரிச் சாவியையும் எடுத்தார். எனக்குப் பயம்தான். ஆனாலும் வாசலை மறித்து நின்றேன்.

"தள்ளு பாப்பா. இது வெறும் மூலிகைதான்."

"எங்க ஸ்கூல் வேன் டிரைவர் இதப் புடிச்சிட்டு வந்தா, என்னைய ஏத்தி வுடுவியாப்பா?"

அறைவார் என்று நினைத்தேன். அவர் முதலாளிக்குப் போன் செய்தார்.

"இன்னைக்கி லோடுக்கு வேற ஆளப் போடுங்கண்ணே. காலையில பெரம்பலூர் ஆஸ்பத்திரில முதுவக் காட்டணும்."

நானும் கூடப் போகிறேன். கஞ்சாவைப் பற்றி டாக்டரிடம் அவர் சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவேன். அடுத்த அறையில் வலியில் புரண்டுகொண்டிருக்கிறார். தீக்குச்சி உரசும் சத்தம் மட்டும் இதுவரை கேட்கவில்லை.