நீ உட்கார்ந்திருந்த கத்தி

மச்சான்,

இன்று காலை உன் தங்கை பலாப்பழம் அறுக்கப் பெரிய கத்தி வேண்டும் என்று பரணைக் கிளறினாள். எண்ணெய்த் துணியில் சுற்றிய நம் பழைய மீன்பிடி லாஞ்சுக் கத்தி அகப்பட்டது. துணியைப் பிரித்ததும் டீசலும் மீனும் கலந்த அந்த வாசம் வீடு முழுக்கப் பரவியது. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டாள், நான் சிரித்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. உன்னை நினைத்தால் இப்போதெல்லாம் முதலில் சிரிப்புத்தான் வருகிறது.

அந்தக் கத்தி எதற்கு என்று தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் எல்லோருக்கும் தெரியும். அடுத்தவன் வலை நம் லாஞ்சு இழுத்துப் போகும் மடிவலையில் சிக்கினால் அறுத்துக் கடலில் தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். நாமும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். நம் பக்கம் மீன் குறைந்த பிறகு, கோடிக்கரையைத் தாண்டி இலங்கைக் கடலுக்குள் தெரிந்தேதான் போனோம். எல்லையைத் தாண்டிவிட்டோம் என்று ஜிபிஎஸ் பெட்டி சும்மா கத்திக்கொண்டிருந்தது. நான்தான் அதன்மேல் துண்டைப் போட்டு மூடினேன்.

அப்படிப் போன ஒரு நாள், நன்றாக விடிந்துவிட்டது. மடியை ஏற்றினால், மீனோடு யாருடைய வலையோ முறுக்கிக்கொண்டு வந்தது. மிதவை ஒவ்வொன்றிலும் சிவப்புப் பெயின்டில் இரண்டு கோடு. தன் வலை தனக்குத் தெரிய வேண்டும் என்று ஒருவன் உட்கார்ந்து பொறுமையாகப் போட்ட கோடு. நீ அதைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டே நின்றாய். இலங்கை நேவி பிடித்தால் நாம் மாதக்கணக்கில் உள்ளே, லாஞ்சு திரும்பி வரவே வராது. நம் இருவருக்கும் இருந்தது அந்த ஒரு லாஞ்சுதான். உன் தங்கை அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. கத்தியை எடுக்கத் திரும்பினேன். நீ முந்திக்கொண்டு அதைப் பலகையில் போட்டு, அதன்மேல் சப்பணம் கொட்டி உட்கார்ந்துவிட்டாய்.

"அறுத்தா ரெண்டு நிமிசம், பிரிச்சா ஒரு மணி நேரம், அவ்ளோதான? உக்காரு, பிரிப்போம்."

நான் திட்டாத திட்டு இல்லை. நீ காதில் வாங்காமல் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாய். அதற்குள் வலைக்காரனே வந்துவிட்டான். சின்ன ஃபைபர் படகு, தனி ஆள், நம் வயதுதான் இருக்கும். கையில் போன். நேவிக்குச் சொல்லப்போகிறான், தொலைந்தோம் என்று நினைத்தேன். நீ வலையின் ஒரு முனையை அவனிடம் நீட்டினாய். அவன் உன்னைப் பார்த்தான், வலையைப் பார்த்தான், படகை நம் லாஞ்சோடு கட்டிவிட்டு ஏறி வந்து எதிரில் உட்கார்ந்தான். அதற்கப்புறம் நிற்க வெட்கமாக இருந்தது. நானும் உட்கார்ந்தேன்.

பாதிதான் பிரித்திருப்போம். அவன் தலை நிமிராமலே சொன்னான்: "உங்கட போட் வந்தா எங்கட வலை போயிடும். இது மூண்டாவது வலை."

எவ்வளவு கவனமாகப் பிரித்தும் வலை நாலைந்து இடத்தில் கிழிந்துதான் இருந்தது. நீ நம்மிடம் இருந்த நைலான் நூல்கண்டை அப்படியே எடுத்து அவன் படகில் வைத்தாய். அவன் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "கெதியா வெளிக்கிடுங்கோ, நேவி சுத்தி வாற நேரம்" என்று நம்மைச் சீக்கிரம் கிளம்பச் சொன்னான். நீ பிரெஞ்சில் "மெர்சி" என்று நன்றி சொன்னாய். நம் ஊர் வெள்ளைக்காரத் தெரு வீடுகளுக்கு மீன் போட்டுப் பழகிய வாய். அவனுக்கு என்ன புரிந்ததோ, கையை மட்டும் ஆட்டினான். அவன் நினைத்திருந்தால் நேவி வரும்வரை நம்மை அங்கேயே நிறுத்தி வைத்திருக்கலாம்.

வடக்கே திரும்பி வருகிற வழியெல்லாம் உன்னைக் காய்ச்சி எடுத்தேன். மாசமாக இருக்கிற தங்கையை ஒரு நிமிடம் நினைத்தாயா என்று கேட்டேன்.

"அவளத்தான் நெனச்சேன். அவன் வூட்லயும் ஒருத்தி இருப்பா இல்ல?"

அதற்குப் பிறகு நாம் எல்லை தாண்டவே இல்லை. நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுத்த வருடமே லாஞ்சை விட்டுவிட்டு ஃபைபருக்கு மாறினோம். பிழைக்கத் தெரியாதவர்கள் என்று துறைமுகத்தில் சிரித்தார்கள். வயிறு ஒன்றும் காயவில்லை. ஆனாலும் நீ செய்தது சரி என்று ஒரு நாளும் உன்னிடம் சொன்னதில்லை. எனக்கு அவ்வளவு வீம்பு.

போன மாதம் கனகசெட்டிக்குளத்துக்கு நேரே கடலில் என் வலையும் வெளியூர்க்காரன் ஒருவன் வலையும் சிக்கிக்கொண்டன. கூட வந்தவர்கள் அறுத்துவிடலாம் என்றார்கள். ஃபைபரில் இருந்தது வேறு கத்தி. உட்காருவதற்கு எந்தக் கத்தியாக இருந்தால் என்ன? பிரித்து முடிக்க வெயிலில் ஒன்றரை மணி நேரம் ஆனது. மீன் வாடிப்போய்க் கரைக்கு வந்ததும் உன் தங்கை பிடித்துக்கொண்டாள். காரணத்தைச் சொன்னேன். கூடையைத் தூக்கிக்கொண்டே, "எங்கண்ணன் செத்தும் எனக்கு வேல வெக்கிறான்" என்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள்.

நீ செய்தது சரி, மச்சான். இன்றைக்காவது சொல்லிவிட்டேன்.

பலாப்பழம் இன்னும் முழுசாக இருக்கிறது. கத்தியைச் சாணை பிடித்து வைத்தால் வீட்டுக்கு ஆகும் என்று உன் தங்கை தேடிக்கொண்டிருக்கிறாள். எங்கே வைத்தாய் என்று என்னிடம் இரண்டு முறை கேட்டுவிட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன், அதன்மேல் உட்கார்ந்தபடி.